கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன தெரியும்?

வகுப்பைப் போய்ப் பார்ப்பது, பார்த்ததை ஆசிரியரிடம் எடுத்துச் சொல்வது, இந்த இரண்டையும் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். பார்க்கப் போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள், பார்க்கப்படுகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒருவரைப் பற்றி ஒருவர் குறைப்பட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: நான் தலைமையாசிரியை ஆகி இதுதான் முதல் ஆண்டு. வகுப்பைப் பார்வையிடப் போனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். கையில் படிவம் இருக்கிறது. 'பாட அறிமுகம்: நன்று', 'மாணவர் பங்கேற்பு: திருப்தி', 'கரும்பலகைப் பயன்பாடு: மேம்படுத்தலாம்' என்று நிரப்பிக் கொடுக்கிறேன். ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். இதனால் யாருக்கும் ஒரு பயனும் இருப்பதாகத் தெரியவில்லை. உண்மையில் எதைத்தான் பார்க்க வேண்டும் மேடம்?

பதில்: முதலில் படிவத்தைப் பைக்குள் வையுங்கள். வகுப்பு முடிந்து அறைக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம். வகுப்பு நடக்கும்போது உங்களுக்கு வேண்டியவை ஒரு வெற்று நோட்டு, ஒரு பேனா, ஒரு கைக்கடிகாரம். 'நன்று', 'திருப்தி' என்பவை எல்லாம் நீங்கள் எடுத்த முடிவுகள். எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பது தாளில் இல்லை. அதனால் ஆசிரியருக்கு அதை ஏற்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. கையெழுத்துப் போடுவதைத் தவிர அவர் வேறென்ன செய்ய முடியும்?

நோட்டில் இடப்பக்கம் நேரத்தைக் குறியுங்கள். நடுவில் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும். வலப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள், உங்களுக்குத் தோன்றும் சந்தேகங்கள் அங்கே போகட்டும். ஆசிரியர் கேட்ட கேள்வியை அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். பிள்ளைகள் சொன்ன பதிலும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் ஒன்றைப் பார்த்தபோது நான் எழுதிய குறிப்பிலிருந்து சில வரிகளைத் தருகிறேன்:

10.12 ஆசிரியர்: "1/3 பெரிசா, 1/4 பெரிசா?" நாலைந்து குரல்கள் உடனே: "1/4 மிஸ்!" ஆசிரியர்: "அப்படியா? நல்லா யோசிங்க." ஒரு நொடி. "சரி, நானே சொல்றேன்."

10.13 போர்டில் இரண்டு பட்டைகள் வரைகிறார். ஒன்றை மூன்றாகவும் ஒன்றை நான்காகவும் பிரிக்கிறார். ஜன்னலோரப் பெண் தன் நோட்டில் வரைகிறாள். அவள் வரைந்த பட்டைகள் இரண்டும் ஒரே நீளத்தில் இல்லை. நான்காகப் பிரித்த பட்டை நீளம்.

10.16 ஆசிரியர்: "புரிஞ்சுதா?" எல்லோரும்: "புரிஞ்சுது மிஸ்."

10.17 அதே பெண்ணின் நோட்டில்: 1/4 பெரியது.

'மாணவர் பங்கேற்பு' என்ற கட்டத்தில் இந்த வகுப்புக்கு என்ன போடுவீர்கள்? எல்லோரும் வாய் திறந்து பதில் சொன்னார்கள், ஆகவே 'மிக நன்று' என்று போட்டுவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பின்னத்தை ஒப்பிட வேண்டுமானால் முழுமை இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை. போர்டில் ஆசிரியர் சரியாகத்தான் வரைந்தார். அவருக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை என்பதால் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்கு என்பது மூன்றைவிடப் பெரிய எண், ஆகவே 1/4 பெரியது என்ற எண்ணம் சிறு பிள்ளைகளிடம் சர்வ சாதாரணம். அவள் வரைந்த படம் அந்த எண்ணத்துக்குத் தோதாக அமைந்துவிட்டது.

இதைப் பார்க்க நான் கடைசி பெஞ்சில் உட்காரவில்லை. அங்கிருந்து பார்த்தால் ஆசிரியரின் முகமும் பிள்ளைகளின் பின்மண்டையும்தான் தெரியும். பக்கவாட்டில், முன்வரிசைக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். முகங்கள் தெரியும். இரண்டு மூன்று நோட்டுகளாவது கண்ணுக்கு எட்டும். வேலை கொடுத்துப் பிள்ளைகள் எழுதும் நேரத்தில் எழுந்து சத்தமில்லாமல் நடந்து பாருங்கள். ஆனால் யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அங்கே நீங்கள் பார்வையாளர்.

நியூசிலாந்தில் கிரஹாம் நட்டல் என்ற ஆய்வாளர் பிள்ளைகளின் சட்டையிலேயே சிறிய மைக் மாட்டி, அவர்கள் முணுமுணுப்பதையும் பக்கத்துப் பிள்ளையிடம் பேசுவதையும் பதிவு செய்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆசிரியர் கற்பிக்கும் விஷயங்களில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது தெரியும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஆசிரியரை மட்டும் முக்கால் மணி நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது எப்படித் தெரியவரும்?

அளந்து பார்க்கும் ஆசை இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. வகுப்பின் இருக்கை வரைபடம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் யாரைக் கேள்வி கேட்கிறாரோ அந்த இடத்தில் ஒரு கோடு. தானாகக் கை தூக்கிப் பதில் சொன்னால் ஒரு புள்ளி. பாடவேளை முடியும்போது தாளின் ஒரு பகுதி கோடும் புள்ளியுமாக நிறைந்திருக்கும், ஒரு மூலை வெறுமையாகக் கிடக்கும். அந்தத் தாளை ஆசிரியர் கையில் கொடுத்தால் போதும், விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. பி.எட். படித்தபோது பிளாண்டர்ஸ் முறையை மனப்பாடம் செய்திருப்பீர்கள். வகுப்பில் யார், எந்த விதமாகப் பேசுகிறார் என்று மூன்று நொடிக்கு ஒரு முறை குறிக்க வேண்டும், பத்து வகைகள், ஆசிரியர் பேச்சுக்கு ஏழு, மாணவர் பேச்சுக்கு இரண்டு, மௌனத்துக்கும் குழப்பத்துக்கும் சேர்த்து ஒன்று. முழுதாகச் செய்யப் பயிற்சி வேண்டும். பத்து நிமிடத்துக்கு மட்டும் 'ஆசிரியர்', 'மாணவர்', 'மௌனம்' என்று மூன்றே வகையாகக் குறித்துப் பாருங்கள். அதுவே ஆசிரியருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

கேள்வி: வகுப்பைப் பார்த்துவிட்டு நான் எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒரு சிலர் முகம் சுருங்கிப் போகிறார்கள். மற்றவர்கள் 'சரி சார்' என்று கேட்டுக்கொண்டு அடுத்த நாள் பழையபடியே நடத்துகிறார்கள். முதலில் பாராட்டு, நடுவில் குறை, முடிவில் மறுபடி பாராட்டு என்ற முறையைத்தான் கடைப்பிடிக்கிறேன். எங்கே தவறுகிறது?

பதில்: அந்த முறையிலேயேதான் சார். நீங்கள் பாராட்டத் தொடங்கியதும் எதிரில் இருப்பவர் 'ஆனால்' எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறார். பாராட்டும் காதில் ஏறுவதில்லை, குறையும் ஏறுவதில்லை.

பின்னூட்டம் கொடுத்தாலே முன்னேற்றம் வரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். 1996-இல் குளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி, அறுநூறுக்கும் மேற்பட்ட அளவீடுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டத்தால் பலன் இருந்தது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து நழுவி 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் மேல் போய் விழும்போது பலன் தேய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். திட்டுவது மட்டும் அங்கே கொண்டுபோய் விடுவதில்லை. 'நீங்க பிறவி டீச்சர் மேடம்' என்ற புகழ்ச்சியும் அதே இடத்துக்குத்தான் இழுத்துப் போகும்.

ஆகவே பேச்சு அந்த வகுப்பில் நடந்த ஒரு நிமிடத்தைப் பற்றி இருக்கட்டும். மேலே சொன்ன பின்ன வகுப்புக்குப் பிறகு அந்த ஆசிரியையுடன் நான் பேசியது ஏறக்குறைய இப்படி இருந்தது. என் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மேசைக்கு எதிரெதிராக உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"10.12-ல இருந்து 10.17 வரைக்கும் படிச்சுப் பாருங்க டீச்சர்."

படித்தார். "1/4-னு கத்தினது கேட்டுச்சு. நேரமாச்சேன்னு நானே சொல்லிட்டேன்."

"அவங்க என்ன நினைச்சு 1/4-னு சொல்லியிருப்பாங்க?"

"நாலு மூணைவிடப் பெரிசுன்னுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "இந்தப் பொண்ணு பட்டை நீளமா வரைஞ்சிருக்காளே. அப்ப அவளுக்குப் படம் போட்டும் அதேதானே தோணியிருக்கும்?"

"நாளைக்கு அதே பாடத்தோட மிச்சம் இருக்கில்ல, எங்க இருந்து ஆரம்பிப்பீங்க?"

"ரெண்டு காகிதப் பட்டை ஒரே நீளத்துல கொடுத்து மடிக்கச் சொல்றேன். 'பெரிசு'ன்னு யார் சொன்னாலும் ஏன்னு கேட்டுட்டுத்தான் போர்டுக்குப் போவேன்."

அவ்வளவுதான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வகுப்பில் நான் கவனித்தவை வேறு சிலவும் இருந்தன. போர்டில் எழுத்து சிறிதாக இருந்தது, வீட்டுப்பாடம் மணி அடித்த பிறகு சொல்லப்பட்டது, பின்வரிசையில் ஒரு பையன் பாதி நேரம் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். எதையும் அன்றைக்கு எடுக்கவில்லை. ஒரு பார்வைக்கு ஒரே ஒரு விஷயம், அதுவும் அடுத்த சில நாட்களுக்குள் செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரி. எட்டு குறை சொன்னால் எட்டையும் மறந்துவிட அவருக்கு உரிமை உண்டு.

உங்கள் 'சரி சார்'காரர்களிடம் ஒன்று செய்து பாருங்கள். பேச்சு முடியும்போது 'அப்புறம் பார்ப்போம்' என்று எழுந்துவிடாமல், எந்த வகுப்பில், எந்த நாளில் அதைச் செய்து பார்க்கப் போகிறார் என்று கேளுங்கள். அன்றைக்குப் போய், அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். சொன்னதை நினைவில் வைத்து ஒருவர் திரும்ப வருகிறார் என்று தெரிந்தாலே 'சரி சார்' குறைந்துவிடும்.

பாராட்டக் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளை தவறான பதில் சொன்னபோது, 'தப்பு' என்று சொல்லாமல் 'எப்படி வந்துச்சு, போர்டுல போட்டுக் காட்டு' என்று ஆசிரியர் கூப்பிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சொல்லுங்கள், அதனால் அந்தப் பிள்ளை என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது குறைக்கு முன்னால் வைக்கும் தலையணையாக இல்லாமல், தனியாக ஒரு நாள் சொல்லப்பட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. என் வகுப்பைப் பார்க்க வந்தவர் பாதி நேரம் போனில் இருந்தார். போகும்போது, 'குரல் பத்தலைம்மா, பசங்களைக் கன்ட்ரோல் பண்ணுங்க, ஆக்டிவிட்டி நிறைய வைங்க' என்றார். ஆக்டிவிட்டி வைத்தால் சத்தம் வருகிறது, சத்தம் வந்தால் கன்ட்ரோல் இல்லை என்கிறார்கள். நான் என்னதான் செய்ய?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. போனை நீங்கள் பிடுங்க முடியாது. ஆனால் அடுத்த முறை அவர் வருவதற்கு முன்பே அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிடலாம்.

1960-களில் ஹார்வர்டில் மாரிஸ் கோகன், ராபர்ட் கோல்ட்ஹாமர் போன்றவர்கள் இந்தப் பார்வையிடுதலுக்கு ஒரு ஒழுங்கு அமைத்தார்கள். கோல்ட்ஹாமர் 1969-இல் அதை ஐந்து கட்டங்களாக எழுதினார். முதல் கட்டம் வகுப்புக்கு முன்னால் நடக்கும் பேச்சு. என்ன பாடம், எங்கே சிக்கும் என்று நினைக்கிறீர்கள், வருபவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்வது. இன்றைக்குப் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த முதல் கட்டம்தான். அவர் தொடங்காவிட்டால் நீங்கள் தொடங்குங்கள். 'சார், நாளைக்கு நீங்க வர்றப்ப எனக்கு ஒரு உதவி வேணும். நான் கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன்னு பார்த்துச் சொல்றீங்களா? எனக்கே தெரிய மாட்டேங்குது' என்று கேளுங்கள். எண்ணச் சொன்னால் போனை எடுக்க முடியாது.

இந்தக் காத்திருப்பை நான் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் ஆயிரக்கணக்கான நிமிடங்கள் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு 1970-களில் எழுதினார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். பிறகு வேறு பிள்ளையைக் கேட்கிறார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாயின, 'தெரியாது' என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இன்னொரு இடைவெளியையும் அவர் கவனித்தார். பிள்ளை பதில் சொல்லி முடித்ததும் நாம் உடனே 'குட்' என்று பாய்கிறோமே, அங்கேயும் மூன்று நொடி பொறுத்தால் பிள்ளை தொடர்ந்து யோசிக்கிறது. இது உங்கள் குரல் சிக்கலுக்கும் நல்லது. பேச்சு குறைந்தால் தொண்டைக்கும் ஓய்வு.

சத்தத்தைப் பற்றி: பிள்ளைகள் பேசுவதையே கலாட்டா என்று நினைக்கும் பார்வையாளரிடம், இரண்டு குழுக்களின் அருகே நின்று அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாடத்தைப் பேசினால் அது அவருக்கே தெரியும். சினிமாவைப் பேசினால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: நாம் வருகிறோம் என்று தெரிந்தால் ஆசிரியர்கள் நாடகம் போடுகிறார்கள். சார்ட், மாடல், முன்பே சொல்லிவைத்த பதில்கள். சொல்லாமல் கொள்ளாமல் போவதுதானே சரி?

பதில்: சொல்லாமல் போனால் பிடிக்கப் போவதாக நினைப்பார்கள். பிடிக்க வந்தவரிடம் யார் சிக்கலைச் சொல்வார்கள்?

அமெரிக்காவில் 2009-இல் தொடங்கிச் சுமார் 3,000 ஆசிரியர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் ஒரு பகுதியில் ஆசிரியர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துத் தந்த பாட வீடியோக்களையும் மற்ற வீடியோக்களையும் ஒப்பிட்டார்கள். தாங்களே தேர்ந்தெடுத்தவற்றுக்கு மதிப்பெண் கொஞ்சம் கூடியது. ஆனால் ஆசிரியர்களின் வரிசை பெரும்பாலும் மாறவில்லை. வேஷம் போட்டாலும் நடை மாறாது என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. முன்பே சொல்லிவைத்த பதிலைக் கண்டுபிடிக்கவும் பெரிய வித்தை வேண்டாம். பதில் சொன்ன பிள்ளையின் நோட்டைப் பாருங்கள், அல்லது வகுப்பு முடிந்து வெளியே வரும்போது 'அது ஏன் அப்படி?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடிக்கடி போங்கள். மாதத்துக்கு ஒரு முறை வந்தால் திருவிழா. வாரத்துக்கு ஒரு முறை பதினைந்து நிமிடம் வந்து போனால் சார்ட் மாட்ட யாருக்கும் தெம்பு இருக்காது.

கேள்வி: நான் மொழி ஆசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆனவன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலைப் பார்த்து நான் என்ன சொல்ல முடியும்?

பதில்: பாடம் தெரியாதது சில விஷயங்களுக்கு வசதி. நீங்கள் அன்றைக்கு அந்த வகுப்பில் இன்னொரு மாணவர். எந்த இடத்தில் உங்களுக்குப் பிடி விட்டது என்று நேரத்தோடு குறியுங்கள். அதே நேரத்தில் பிள்ளைகளின் பேனா நின்றதா என்றும் பாருங்கள். அந்தக் குறிப்பு இயற்பியல் ஆசிரியருக்கு நிஜமாகவே உதவும். ஆனால் பாடப்பொருள் சரியா, எடுத்த உதாரணம் பொருத்தமா, இந்தக் கருத்துக்கு முன் வேறொன்றைச் சொல்லியிருக்க வேண்டுமா என்பதில் வாய் திறக்காதீர்கள். அதற்கு இன்னொரு இயற்பியல் ஆசிரியரைக் கூட்டிப் போங்கள். மேலே சொன்ன 3,000 ஆசிரியர் அமெரிக்க ஆய்வும் இதற்குச் சாதகம். ஒரே ஆள் இரண்டு முறை பார்ப்பதைவிட, இரண்டு பேர் ஒவ்வொரு முறை பார்ப்பது மதிப்பீட்டை நம்பத்தக்கதாக்குகிறது.

கேள்வி: பார்வையிட்ட பாடத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடலாமா?

பதில்: வேண்டாம். மதிப்பெண் கண்ணில் பட்டதும் மற்ற எழுத்து எதையும் யாரும் படிக்க மாட்டார்கள், பிள்ளைகள் விடைத்தாளைப் பார்ப்பதும் அப்படித்தானே. இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்கூடத் தனித்தனிப் பாடங்களுக்குத் தரம் போடுவதை 2014-இல் கைவிட்டது. ஒரே பாடத்துக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகத் தரம் போடுவது சகஜம்.

கேள்வி: அறிவியல் வகுப்பு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளிச்சேர்க்கையில் செடி வெளியிடும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து பிரிந்து வருவதாக ஆசிரியை போர்டில் எழுதினார். நீரிலிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டுமா?

பதில்: பிள்ளைகள் முன்னால் வேண்டாம். ஆய்வகத்தில் அமிலத்தைத் தப்பாகக் கலக்கப் போனாலோ, ஒரு பிள்ளைக்கு அடி விழப் போனாலோ உடனே எழுந்திருங்கள், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் மணி அடிக்கும் வரை பொறுக்கும்.

மணி அடித்ததும் தனியாகக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள். 'ஆக்சிஜன் எங்கேயிருந்து வருதுன்னு நினைக்கிறீங்க?' என்று கேள்வி கேட்டு அவர் வாயிலிருந்து வரவழைக்கும் வேலை இங்கே வேண்டாம். தெரிந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்வி பெரியவர்களுக்கு அவமானமாகத்தான் இருக்கும். 'நீர் மூலக்கூறு பிளந்துதான் ஆக்சிஜன் வருது டீச்சர், போர்டுல வேற மாதிரி இருந்துச்சு, பசங்க எழுதிட்டாங்க. அடுத்த பீரியட்ல நீங்களே திருத்திடுங்க' என்று சொன்னால் முடிந்தது. திருத்துவது அவராக இருக்க வேண்டும். 'நேத்து நான் சொன்னதுல ஒரு தப்பு இருந்துச்சு' என்று ஒரு ஆசிரியர் சொல்வதைக் கேட்பது பிள்ளைகளுக்கும் நல்லது. அன்றைய பின்னூட்டக் குறிப்பில் இதை எழுதிப் பதிவாக்காதீர்கள். மூன்றாவது முறையும் பாடப்பொருளில் தடுமாறினால், அப்போது அது பாடப் பயிற்சி வேண்டிய விஷயம். எழுதுங்கள்.

கேள்வி: என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மிக மூத்த ஆசிரியர் ஒருவர், 'நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் சாக்பீஸ் பிடிச்சவன், என் வகுப்புல என்ன பார்க்கப் போறே?' என்கிறார். எப்படிச் சமாளிப்பது?

பதில்: அவர் கேட்பதில் பாதி உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டே தொடங்குங்கள். முதலில் அவரை உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். 'ஐயா, எட்டாம் வகுப்புல பின்வரிசைப் பசங்க என்கிட்ட பேசவே மாட்டேங்கிறாங்க, ஒரு பீரியட் உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்க' என்று கேளுங்கள். பொய்யாகக் கேட்கக் கூடாது, நிஜமாகவே உங்களுக்கு இருக்கும் சிக்கலாக இருக்க வேண்டும். அவர் சொல்வதில் ஒன்றையாவது செய்து பார்த்து, பலித்ததா இல்லையா என்று அவரிடமே போய்ச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு நீங்கள் போவது வேறு விஷயமாகிவிடும்.

ஜப்பானில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாட ஆய்வு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார். மற்றவர்கள் சுற்றி நின்று பிள்ளைகளைப் பார்த்து எழுதுகிறார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவது அந்தப் பாடத்தைப் பற்றி. எல்லோரும் சேர்ந்து போட்ட திட்டம் என்பதால் சொதப்பினாலும் அது எல்லோருடைய சொதப்பல். யாரும் தனியாகக் கூனிக் குறுக வேண்டியதில்லை. உங்கள் மூத்தவர் இப்படி ஒரு குழுவில் முதல் பாடத்தைத் திட்டமிட ஒப்புக்கொண்டால், பார்வையிடுவது பற்றிய பேச்சே எழாது. நடத்தும் வேலையை முதல் முறை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி. என் பள்ளியில் 35 ஆசிரியர்கள். நிர்வாகம், கூட்டம், பெற்றோர், கோப்பு என்று நாள் ஓடிவிடுகிறது. இத்தனை பேரையும் பார்த்து, பேசி, திரும்பப் போய்ப் பார்ப்பதற்கெல்லாம் நேரம் ஏது? இதனால் பலன் உண்டு என்பதற்கும் ஆதாரம் ஏதாவது இருக்கிறதா?

பதில்: ஆதாரம் இருக்கிறது. கூடவே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. ஆசிரியருக்குத் தனித்தனியாகப் பார்த்துப் பேசிப் பழக்கும் திட்டங்கள் பற்றிய 60 ஆய்வுகளை மாத்யூ கிராஃப்ட் குழுவினர் 2018-இல் தொகுத்தார்கள். கற்பிக்கும் விதத்தில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. பிள்ளைகளின் கற்றலிலும் இருந்தது, அளவில் கொஞ்சம் குறைவு. ஆனால் திட்டம் பெரிதாகி நிறைய ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளப் போனபோது பலன் மெலிந்தது. உங்கள் 35 பேர் விஷயத்தில் நான் இதைத்தான் கவனிப்பேன். எல்லோரையும் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக் கோப்பில் சேர்ப்பதற்குப் பதில், இந்தப் பருவத்துக்கு நான்கைந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். விரும்பி வருபவர்களாக இருந்தால் நல்லது. மற்றவர்களை உங்கள் பள்ளியின் அனுபவசாலிகள் இரண்டு மூன்று பேர் பிரித்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு வாரத்தில் ஒரு பீரியட் குறைத்துக் கொடுங்கள். சும்மா செய்யச் சொன்னால் ஒரு மாதம் ஓடும், அப்புறம் நின்றுவிடும்.

முழுப் பாடவேளையும் உட்கார வேண்டியதில்லை. பதினைந்து இருபது நிமிடம் போதும், பாடத்தின் தொடக்கத்தை ஒரு நாள், முடிவை ஒரு நாள் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். நேரத்தில் கைவைக்கக் கூடாத இடம் அதற்குப் பிறகு வரும் பேச்சுதான். அது அன்றைக்கே நடக்க வேண்டும், மறுநாளுக்குப் போனால் 10.12-க்கு யார் என்ன சொன்னார்கள் என்பது ஆசிரியருக்கு நினைவிருக்காது. இதற்குக் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் பார்க்கும் வகுப்புக்கு அடுத்து அந்த ஆசிரியருக்கு ஓய்வு பீரியட் இருக்க வேண்டும். யாராவது விடுப்பு எடுத்தால் முதலில் அந்த ஓய்வு பீரியடில்தான் மாற்று வகுப்பு போடுவார்கள், ஆகவே அட்டவணை பார்க்கிறவரிடம் காலையிலேயே சொல்லிவையுங்கள்.